ஒரு கிணற்றுக்கு இரண்டு விடை

கோப்பாயில் கரண்ட் போய் வருசங்கள் ஆகியிருந்த காலத்தில் எங்கள் ஒழுங்கை வீடொன்றில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. அதற்கு நான்தான் வைத்தியன். அது வந்த பெட்டிக்குள் கிடந்த மதர்போட் கைநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த ஒரே ஆள் நான் என்பதால் இந்தப் பதவி கிடைத்தது. வாசித்தேன் என்றுதான் சொன்னேன். விளங்கியது என்று எவரிடமும் சொல்லவில்லை. எவரும் கேட்கவும் இல்லை.

மெசின் பக்கத்து வீட்டு அண்ணையுடையது. சண்டையில் பாதை பூட்டுப்பட முந்தி, கொழும்பிலிருந்து லொறியில் மா மூட்டைகளுக்கு நடுவில் வந்து இறங்கியது. அதுவரை தன் வீட்டுக் கூடத்தில் தட்டச்சு வகுப்பு நடத்தி வந்தவர், அன்றே வாசலில் தொங்கிய போட்டில் 'தட்டச்சு' என்பதை அழித்து 'கொம்பியூட்டர்' என்று எழுதிவிட்டார். அந்தப் போட்டுக்கு அதைவிட வேறு மாற்றம் தேவைப்படவில்லை.

வைத்தியன் என்ற முறையில் நான் செய்த முதல் காரியம், மெசினின் மேல்மூடியைக் கழற்றிப் பரணில் போட்டது. எங்கள் வெக்கைக்கு அது திறந்து கிடந்தால் சூடு தானாகப் போகும் என்பது என் கொள்கை. தூசி விழாமல் இருக்க அக்கா, அதாவது அண்ணையின் மனைவி, பழைய றேடியோவுக்குப் போட்டிருந்த பின்னல் துணியை அதன்மேல் விரித்துவிட்டார். மதர்போட்டில் இருந்த சின்னப் பற்றரி செத்துப்போயிருந்தது. பற்றரி என்ற பெயரில் எதையும் ஆமி யாழ்ப்பாணத்துக்குள் விடாது. ஆகவே ஒவ்வொரு முறை போடும்போதும் மெசின் எல்லாவற்றையும் மறந்து, தான் பிறந்த நாளுக்கே திரும்பிப் போய், இன்று என்ன திகதி என்று கேட்கும். நான் சொல்வேன். அடுத்த நாளும் கேட்கும். அந்த வீட்டில் என்னை மதித்துக் கேள்வி கேட்டது அது ஒன்றுதான்.

ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடியது. ஓடியது என்பது கொஞ்சம் கூடின சொல். முதலில் ஒரு மூடி பெற்றோலைக் காட்டி அதை ஏமாற்ற வேண்டும். அது நம்பி ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மாற்றியது தெரிந்ததும் கறுப்புப் புகையாய்க் கக்கும். இடையில் ஆமி ஹெலி சுட வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதற்காக நிறுத்துவோம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஏமாற்றுவோம்.

கூடத்தின் மறுபக்கத்தில் கூரை வளையிலிருந்து ஒரு சேலை ஏணை தொங்கியது. அதற்குள் அண்ணையின் மகள். கலியாணம் முடித்து, போகாத கோயில் இல்லை என்ற நிலைக்கு வந்து, சொந்தக்காரர் துக்கம் விசாரிக்கும் குரலில் சுகம் விசாரிக்கத் தொடங்கிய பிறகு பிறந்தவள். பெற்ற கையோடு அக்காவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. பிள்ளைக்குத் தண்ணீரில் கரைத்த மாப்பால்தான். பால்மா கிடைத்தால் ஊருக்கே சொல்லிச் சந்தோசப்படுவோம். தண்ணீரைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை. அதுதான் முற்றத்துக் கிணற்றில் வேண்டிய அளவு கிடந்ததே.

யோசிக்க வைத்தவர் மிஸ். கம்பஸில் படிப்பித்தார், இணுவிலில் இருந்தார், எந்த வெயிலிலும் சைக்கிளில் வருவார். கோப்பாய், இணுவில், பண்டத்தரிப்பு என்று தோட்டக் கிணறுகளிலும் வீட்டுக் கிணறுகளிலும் போத்தலில் தண்ணீர் எடுத்து, அதில் நைத்திரேற்று என்ற உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவர் ஆராய்ச்சி. ஆய்வுகூடக் கருவி ஒரு வாசிப்பைத்தான் கொடுக்கும். அதைக் கணக்குப் போட்டு மாற்றினால்தான் உப்பின் அளவு வரும். ஒரு பெரிய கட்டு வாசிப்புகளோடு, கொம்பியூட்டர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"உதெல்லாம் எதுக்கு மிஸ்?" என்று அக்கா தேத்தண்ணி கொடுத்தபடி கேட்டார். மிஸ்ஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஏணையைப் பார்த்தார், பிறகு கோப்பையைப் பார்த்தார்.

"தோட்டங்களுக்கு முந்தி அள்ளிக் கொட்டின யூரியா எல்லாம் கீழை இறங்கிக் கிணத்துக்குள்ளைதான் நிக்குது. பெரியாக்களுக்கு உடனை ஒண்டும் தெரியாது. கைக்குழந்தையளுக்குத்தான் கூடாது. அந்தத் தண்ணியிலை பால் கரைச்சுக் குடுத்தால் இரத்தம் காத்தை எடுக்காது. பிள்ளை நீலமாப் போகும்."

அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"எங்கடை கிணறு?"

"கணக்கு வந்தால்தான் சொல்லலாம்."

"அப்ப கோயில் கிணத்திலை அள்ளட்டோ?"

"அது உதைவிட மோசமோ ஆருக்குத் தெரியும்? தெரியாமல் மாத்தாதையுங்கோ. கெதியா முடிச்சுத் தாறன்."

அன்றிலிருந்து அந்தக் கணக்கு மிஸ்ஸின் ஆராய்ச்சியாக இல்லாமல் போய்விட்டது. அக்கா பிள்ளைக்குப் பால் கரைக்கும்போதெல்லாம் என் முதுகைப் பார்ப்பார். நான் வேகமாக எழுதுகிறேனா என்று பார்க்கிறாராம். கணக்குப் போடும் புரோகிராமை நான்தான் எழுதினேன். வாசிப்புகளை எல்லாம் தட்டி முடிக்க நவராத்திரி வந்துவிட்டது.

சரஸ்வதி பூசையன்று புத்தகமும் ஆயுதமும் தொடக்கூடாது. கும்பத்துக்கு முன்னால் அண்ணையின் தட்டச்சு மெசின்களும் பிள்ளைகளின் கொப்பிகளும் போயின. கொம்பியூட்டரைத் தூக்க ஏலாது என்பதால் அது இருந்த இடத்திலேயே பூசை என்று முடிவானது. நான் அவல் கடலை சாப்பிடும் நேரத்துக்குத்தான் போனேன். பின்னல் துணியின்மேல் ஒரு செவ்வரத்தம் பூ இருந்தது. சந்தோசம் என்று நினைத்துக்கொண்டேன்.

விசயதசமி காலை, நல்ல நேரம் பார்த்து ஜெனரேற்றரை ஏமாற்றி, மெசினைப் போட்டு, திகதி சொல்லி, கணக்கை ஓட்டினோம். கிணறுகளின் பட்டியல் திரையில் வந்தது. அண்ணை வீட்டுக் கிணறு நல்லது. கூடாது என்று சொல்லும் எல்லையில் பாதிகூட இல்லை. அக்கா ஏணையிலிருந்து பிள்ளையைத் தூக்கி வந்து திரையைக் காட்டினார். பிள்ளை திரையைப் பார்த்துத் தும்மியது. எல்லாருக்கும் கண் கலங்கியது, எனக்கும்தான். இரண்டாந்தரம் அவல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சில நாள் கழித்து, முழுப் பட்டியலையும் பார்த்து எழுதிக்கொண்டு போக மிஸ் வந்தார். மறுபடி ஓட்டினேன். பாதி வழியில் மெசின் அசையாமல் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டு ஓட்டினேன். பட்டியல் வந்தது. அண்ணை வீட்டுக் கிணறு எல்லையைத் தாண்டி எங்கோ நின்றது. மிஸ் பேனையை மூடினார்.

"இன்னொருக்கா ஓட்டும்."

ஓட்டினேன். கிணறு நல்லதாகிவிட்டது.

"தம்பி, ஒரு கிணறு அரை மணித்தியாலத்துக்குள்ளை கெட்டு, திருப்பி நல்லா வாறதில்லை" என்றார் மிஸ்.

அக்கா குசினி வாசலில் பால் போத்தலோடு நின்றார். அதைக் கொடுப்பதா கீழே ஊற்றுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. பிள்ளைக்குப் பசி, அது வீரிட்டது. கடைசியில் கொடுத்தார். கொடுக்கும்போது போத்தலைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. நானா யூரியா போட்டேன்?

கோதாரி விழுந்த மெசின் என்று திட்டிக்கொண்டு வைத்தியத்தில் இறங்கினேன். முதலில் ஜெனரேற்றரைச் சந்தேகப்பட்டேன். அதன்மேல் எப்போதும் சந்தேகம் இருந்தது. ஒரு பல்பைக் கொழுவி, அது துடிக்கிறதா என்று அண்ணையைப் பார்க்க விட்டேன். அண்ணை கண் கலங்கக் கலங்கப் பார்த்துவிட்டு, பல்பு துடிக்கவில்லை, தனக்குத்தான் கண் துடிக்கிறது என்றார். பிறகு மெமரியைக் கழற்றி மாற்றிச் செருகினேன். அதற்குத் துணியை முன்பக்கம் மட்டும் தூக்கினால் போதும். பயனில்லை. என் புரோகிராமில் பிழை இருக்கலாம் என்று மிஸ் மெல்லச் சொன்னார். அது காதில் விழாத மாதிரி இருந்தேன்.

வேறு வழியில்லாமல் கைநூலை இரண்டாம் முறை வாசித்தேன். இந்த முறை விளங்கவேண்டும் என்று வாசித்தேன். புரொசெசருக்குப் பக்கத்தில் கேஷ் மெமரி என்று ஒன்பது சின்னச் சிப்புகள் வரிசையாக இருக்கின்றன. குசினியில் உப்பையும் தூளையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறோமே, அதுபோல, புரொசெசர் அடிக்கடி தேடும் எண்களை அதற்குள் வைத்துக்கொள்ளும். பெரிய மெமரி வரைக்கும் போய் வரும் நேரம் மிச்சம். ஆனால் அந்தச் சிப்பில் கோளாறு இருந்தால், உப்பென்று வைத்தது சீனியாக வரும். புரொசெசர் கேள்வி கேட்காமல் அதைப் போட்டுச் சமைத்துவிடும். அந்தக் கேஷை நிறுத்தி வைக்கத் தொடக்கத் திரையில் ஒரு வரி இருந்தது.

நிறுத்தினேன். மெசின் நெருப்புக் காய்ச்சலால் எழும்பி வந்தவர் மாதிரி நடந்தது. முந்தி தேத்தண்ணி ஆற முதல் வந்த பட்டியல், இப்போது தேத்தண்ணி குடித்து, கோப்பை கழுவி, ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றிய பிறகும் வரவில்லை. வந்தபோது அண்ணை வீட்டுக் கிணறு கூடாது என்று வந்தது. மறுபடி ஓட்டினேன். கூடாது. அடுத்த நாள் போட்டு, திகதி சொல்லி, மெசின் மறந்துபோயிருந்த அந்த வரியை மறுபடி மாற்றி ஓட்டினேன். ஓர் எண்கூட மாறவில்லை. கூடாது.

"பிடிச்சிட்டன்!" என்று கத்தினேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. அந்த நேரத்தில் நான் கோளாறைப் பற்றித்தான் யோசித்தேன், கிணற்றைப் பற்றியல்ல.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"சும்மா இரும் தம்பி. மெசின் சுகமா ஓடேக்கை நல்லதெண்டு சொன்னது. அதுவும் விசயதசமி அண்டைக்கு. இப்ப இழுத்து இழுத்துச் சாகப்போறது மாதிரிக் கிடந்து கூடாதெண்டுது. காய்ச்சலிலை கிடக்கிற வருத்தக்காரன் பிசத்திறதை ஆரும் நம்புவினமே?"

"அக்கா, இதுதான் சுகம். முந்தி ஓடினதுதான் வருத்தம்."

"உமக்கு விசர்."

அண்ணை என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவின் வாதத்தில் நியாயம் இருப்பதாக அவர் முகம் சொன்னது. உண்மையைச் சொன்னால், எனக்கே ஒரு கணம் அப்படித்தான் இருந்தது.

மிஸ் தன் பையிலிருந்து ஒரு சின்னக் கல்குலேற்றரை எடுத்தார். பற்றரி இல்லாமல், வெளிச்சம் பட்டால் வேலை செய்கிற வகை. "ஒரு கிணத்தைக் கையாலை போட்டுப் பாப்பம்" என்றார். அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் உறைத்தது. ஒரு கிணற்றின் கணக்கைக் கையால் போடலாம். இத்தனை நாளும் போட்டிருக்கலாம். மிஸ்ஸுக்கு ஊர்க் கிணறு எல்லாவற்றையும் ஒரேயடியாய் முடிக்கிற எண்ணம். எங்களுக்கு, கொம்பியூட்டர் இருக்கிற வீட்டில் கையால் கணக்குப் போடுவதா என்ற எண்ணம்.

"எந்தக் கிணறு?" என்று அண்ணை கேட்டார்.

"எங்கடையைப் போடுங்கோ" என்றார் அக்கா. "அதிலை தெரியட்டும், மெசின் எப்ப சரியாச் சொன்னதெண்டு."

மிஸ் முற்றத்தில் மர வாங்கைப் போட்டு உட்கார்ந்தார். மழைக்காலம் தொடங்குகிற வானம். அவர் பாதிக் கணக்குக்கு வரும்போது முகில் வந்து சூரியனை மூடும், கல்குலேற்றரில் எண் மங்கி மறையும். எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். முகில் போகும். மிஸ் முதலிலிருந்து தொடங்குவார். அண்ணை முகிலைப் பார்த்து, அது ஏதோ சைக்கிளில் குறுக்கே வந்தவன் போல, "அங்காலை போவன்!" என்று கத்தினார். அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாங்குக்குப் பின்னால் நின்றார். கடைசியில் வெயில் நிலைத்தது. மிஸ் விடையைத் தாளில் எழுதி, கீழே கோடு போட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இழுத்து இழுத்து ஓடிய மெசின் சொன்ன அதே எண்.

"நான் கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறன்" என்றார் அக்கா. "ஒருநாளும் பச்சைத் தண்ணியிலை கரைக்கேல்லை. நல்லாக் கொதிக்கக் கொதிக்க வைச்சுத்தான்."

மிஸ் கல்குலேற்றரைப் பைக்குள் வைத்தார். "கொதிக்க வைச்சால் தண்ணிதான் அக்கா வத்தும். உப்பு வத்தாது. இன்னும் கூடும்."

அக்கா வாங்கில் உட்கார்ந்துவிட்டார். இரவும் பகலும் விறகு ஊதி ஊதிக் கொதிக்க வைத்தவர். காய்ச்சல் முழுதாக விட்டிராத உடம்போடு செய்தவர். மிஸ் பிள்ளையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, உதட்டை விரித்துப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நகத்தைப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை. சிவப்பாத்தான் கிடக்கு" என்றார். "ஆனால் இனி இந்தத் தண்ணி வேண்டாம். ஒரு போத்தல்கூட வேண்டாம்."

அண்ணை பட்டியலைக் கேட்டு வாங்கினார். கோயில் கிணறும் கூடாது. பள்ளிக்கூடக் கிணறும் கூடாது. ஆகக் கிட்ட இருந்த நல்ல கிணறு இணுவிலில், மிஸ் இருந்த வீட்டுக்கு அடுத்த வளவில். அண்ணை மண்ணெண்ணெய் வாசம் இல்லாத ஒரு பிளாஸ்ரிக் கானாகத் தேடி எடுத்து, சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அந்தச் சிப்புகளுக்கு என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். மெசினைச் சுவரிலிருந்து இழுத்து, பின்னல் துணியை முழுதாகத் தூக்கினேன். பின்பக்க மூலையில், கேஷ் சிப்புகள் ஒன்பதும் வரிசையாக இருந்தன. ஒன்பதுக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமப் பொட்டு. அளவெடுத்தது போல ஒரே அளவு, ஒரே இடைவெளி. குழைத்து வைத்த சந்தனம் வழிந்து, கால்களுக்கு இடையால் இறங்கி, அடியிலே காய்ந்து போயிருந்தது.

"ஆர் இந்தக் கறுமம் பிடிச்ச வேலை பாத்தது?" என்று கத்தினேன். கேட்கத் தேவையில்லாத கேள்விதான்.

அக்கா வந்து எட்டிப் பார்த்தார். மறைக்கவில்லை.

"நான்தான். நவராத்திரிக்கு எண்ணி வைச்ச மாதிரி ஒம்பதும் வரிசையா இருந்துது. ஒண்டுக்கு வைச்சு மற்றதை விடேலுமே? பாவமெல்லே."

"இதுக்குள்ளை சந்தனம் வைப்பினமே அக்கா! ஈரம் பட்டால் எண்ணெல்லாம் மாறுமெல்லே!"

"எனக்கென்ன தெரியும்? கணக்கு இதுக்குள்ளைதான் நடக்குதெண்டு நீர்தானே சொன்னனீர்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "எங்கடை கிணறு நல்லதெண்டு வரவேணுமெண்டு கும்பிட்டுத்தான் வைச்சனான். ஒவ்வொண்டுக்கும் வைக்கேக்கை கேட்டனான்."

அவர் கேட்டதைத்தான் மெசின் சொல்லியிருக்கிறது. விசயதசமியன்று, முதல் ஓட்டத்திலேயே.

சிப்புகளைக் கழுவ ஸ்பிரிட் வேண்டும். அதுவும் வராத சாமான். அக்கா அலுமாரியைத் திறந்து, தலையிடிக்கு வைத்திருந்த, ஸ்பிரிட் கலந்த ஓடிக்கொலோன் போத்தலைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சிப்பாய் நான் கழற்றிக் கொடுக்க, அவர் பழைய பல் பிரஸ்ஸால் அதன் கால்களைத் தேய்த்தார். என்னைச் செய்ய விடவில்லை. ஒன்பதையும் அவர்தான் தேய்த்தார், கண்ணைத் துடைத்துத் துடைத்து. ஓடிக்கொலோன் எரிக்குதென்றார். அடுத்த நாள் காயவிட்டுப் பூட்டிப் போட்டபோது கூடம் முழுக்கக் காய்ச்சல்காரர் அறை மாதிரி மணத்தது. கேஷை நிறுத்தாமலே ஓட்டினேன். பட்டியல் கண் மூடித் திறக்க முதல் வந்தது. அண்ணை வீட்டுக் கிணறு கூடாது. எத்தனை முறை ஓட்டினாலும் கூடாது.

"அக்கா, இப்ப சுகமா ஓடேக்கையும் அதைத்தான் சொல்லுது" என்று கூப்பிட்டுச் சொன்னேன். வென்ற மாதிரித்தான் சொன்னேன். அவர் இணுவில் தண்ணீரில் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அண்ணை ஒருநாளும் தவறாமல் இணுவிலுக்குப் போய் வந்தார். ஹெலி சுற்றிய நாட்களில் மதகுக்குக் கீழே கானைக் கட்டிப் பிடித்தபடி கிடந்துவிட்டு வந்தார். மிஸ் ஆராய்ச்சியைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளாலிக் கடலால் படகேறி ஊரைவிட்டுப் போனார். போகமுதல் பிள்ளையின் நகத்தை ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த சரஸ்வதி பூசைக்கு நான் விடியவே போய், பரணிலிருந்து மூடியை இறக்கி மெசினைப் பூட்டிவிட்டுக் காவல் நின்றேன். சூடு பற்றிய என் கொள்கை அன்றைக்கு லீவு. அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பிள்ளை அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்து வந்தாள். அக்கா முதலில் தண்ணீர்க் கானுக்குப் பொட்டு வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உதுக்கு எங்கை வைக்கலாம்? நீரே காட்டும்."

மூடியின் நடுவைக் காட்டினேன். ஒரே ஒரு பொட்டு வைத்து, கண்ணை மூடிக் கனநேரம் நின்றார். எனக்குப் பயமாக இருந்தது.

"இந்த முறை என்ன கேட்டனியள் அக்கா?"

"ஒண்டும் கேக்கேல்லைத் தம்பி" என்றார். "உள்ளதைச் சொல்லு எண்டனான்."